முன்பக்கம் முனி, பின்பக்கம் சர்க்கார்

போன வாரம் ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தனபாலன் என் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். எப்போதும் கேட்டுக்கு வெளியே நின்று “அக்கா” என்று ஒரு குரல் கொடுப்பதோடு சரி. அன்று செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில், ஒன்று பூச்சட்டியில்.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. யாராவது வந்தால் முதலில் அடுப்படிக்கு ஓடுகிறவள். பேப்பரில் இந்தப் பத்திக்கு மேலே என் போட்டோ வராததற்குக் காரணமும் அதுதான். ஈப்போவிலிருந்து ஒரு வாசகர், ‘அம்மா, நீங்கள் உண்மையில் ஓர் ஆண்தானே?’ என்று கேட்டு எழுதியிருந்தார். இல்லை ஐயா. பெண்தான். கூச்சம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அடுப்படியில் இருந்தபடியே கேட்டேன்.

“தேத்தண்ணி போடட்டா தம்பி?”

“தேத்தண்ணி எல்லாம் வேணாக்கா. நீங்க நளினிகிட்ட பேசணும். பேப்பர்ல எழுதுறவங்க... நீங்க சொன்னா கேப்பா.”

நளினி அவருடைய மூத்த பெண். யுனிவர்சிட்டிக்கு மனுப் போடுகிற வயது. தனபாலனுக்கு சுங்கைப் பட்டாணியில் ஏர்கோன் (ஏசி) ரிப்பேர் வேலை. கடன் உடன் இல்லாத மனுஷன். சொந்தமாக ஒரு வேன். அதன் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கும்.

“ஏன், பிள்ள என்னா சொல்லுது?”

“தத்துவம் படிக்கப் போறாளாம்!”

ஆற்றில் விழப் போகிறாளாம் என்பது போலச் சொன்னார்.

“தத்துவம் படிச்சா யாருக்கா வேல குடுப்பா? ஏர்கோன் கெட்டுப்போச்சுன்னா என்னையக் கூப்புடுறாங்க. பல்லு வலிச்சா டாக்டருகிட்ட ஓடுறாங்க. எவனாச்சும் போன் போட்டு, ‘அவசரம் லா, ஒரு தத்துவக்காரர அனுப்பி வையி’ன்னு கேப்பானா? சொல்லுங்க பாப்போம்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயமான கேள்விதானே? நானே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும் படித்தவள். அங்கே தத்துவம் என்று ஒரு பாடம் கிடையாது. வாய்ப்பாடு உண்டு. பிரம்பு உண்டு. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. ஒரு காலத்தில் எங்கள் தோட்டமே வேலை வெட்டியை மறந்துவிட்டு ஒரு தத்துவக் கேள்வியில் மாட்டிக்கொண்டு முழித்தது. அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது வேறொன்றுமில்லை... என் தாலி. அன்றைக்கு மட்டும் போன் போட்டு ஒரு தத்துவக்காரரை வரவழைக்க வழி இருந்திருந்தால் நானே கூப்பிட்டிருப்பேன். தோட்டத்தில் இருந்தது ஒரே போன். அதுவும் துரை பங்களாவில்.

தனபாலனை உட்கார வைத்துச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் அப்பா சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் என் மாமனாரும் ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பல் சொந்தம் என்பது அந்தக் காலத்தில் ரத்த சொந்தத்துக்கு ஒரு படி மேலே. கப்பலில் குமட்டலும் வாந்தியுமாகக் கிடந்த நேரத்தில், ‘பொழச்சுக் கரை சேந்தா உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சம்பந்தம்’ என்று கையடித்துக்கொண்டார்களாம். கரை சேர்ந்தார்கள். நான் பிறந்தேன். மாமனார் சாகும்போது மனைவியைக் கூப்பிட்டு அந்த வாக்கை நினைவுபடுத்திவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அந்த மனைவிதான் என் மாமியார், அங்கம்மா அத்தை.

அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவர் மனத்தில் இருந்த மருமகள் வேறு. பாடாங் மேஹாவில் இருந்த அவருடைய அண்ணன் மகள். நல்ல தாட்டியான பெண். குரல் கொடுத்தால் நாலு லயத்து வீட்டு வரிசைக்கும் கேட்கும். நானோ, ‘சோத்துக்கு உப்பு பத்தல’ என்று சொல்லக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு சப்பென்று தின்றுவிட்டு எழுந்திருக்கிறவள். “ஊமைக் கோட்டானப் புடிச்சுக் கட்டி வச்சுட்டுப் போயிட்டான் எம் புருசன்” என்று செத்துப்போன மனுஷனைத் தினமும் காலையில் திட்டுவார். திட்டி முடித்த பிறகுதான் காப்பி குடிப்பார்.

ஆனாலும் வாக்கு வாக்குதானே? கல்யாணம் நடந்தது. முனியாண்டி முன்னால் நடந்தது.

ஏன் முனியாண்டி? மாரியம்மன் கோயில் கூரைத் தகரத்தை ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். அம்மன் சிலையைத் துணி சுற்றி மாரப்பன் கங்காணி தன் வீட்டுக்குள் வைத்திருந்தார். கோயிலுக்குத் திரும்பத் தகரம் வருகிற வரைக்கும் தோட்டத்தில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சத்தியம், சண்டை சமாதானம் எல்லாமே முனியாண்டி முன்னால்தான்.

எங்கள் முனியாண்டி ஒரு கல். தோட்டத்து எல்லையில் பால்மரம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரு பெரிய மரத்தடியில் நிமிர்ந்து நின்றார். முழங்கால் உயரம். காடு வெட்ட வந்த முதல் ஆட்கள் கண்டெடுத்த சாமி. ‘மனுஷன் கால் வைக்காத காட்டில் இப்படி நாலு பக்கமும் செதுக்கின கல் எப்படி வரும்? தானாக முளைத்த சாமிதான்’ என்று முடிவு செய்துவிட்டார்கள். அதன் ஒரு பக்கத்தில் ஏதோ எழுத்துக்கூட வெட்டியிருந்தது. அது மந்திரம் என்று சொல்லி, யார் கண்ணும் படாமல் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டார்கள். வருஷா வருஷம் அப்பி அப்பி முனிக்குத் தொப்பையே வந்துவிட்டது.

சுருட்டு வைப்பார்கள். கோழி அறுப்பார்கள். பெரிய வேண்டுதல் என்றால் கெடா.

அத்தை வேண்டிக்கொண்டது பெரிய வேண்டுதல். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டுக் காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டார் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரே கையை விரித்துவிட்டார். அத்தை ஓடிப்போய் முனியாண்டி காலில் விழுந்தார். “எம் மவன எழுப்பிக் குடு. ஒரு கெடாய ஒனக்குன்னே வளத்து வெட்டுறேன்.” காய்ச்சல் இறங்கியது. குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது.

அந்தக் கெடாவைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம். முனிக்கு நேர்ந்துவிட்டதால் அதை யாரும் அடிக்கக்கூடாது. கங்காணியை எதிர்த்துப் பேசாதே, துரையைக் கண்டால் ஒதுங்கி நில், கெடாவை அடிக்காதே... எங்கள் தோட்டத்துச் சட்டம் இந்த மூன்றுதான். கெடாவுக்கும் இது தெரிந்திருந்தது. லயத்துக் கொடியில் காயும் துணியைத் தின்னும். அடுத்த வீட்டுச் செல்லம்மா அக்காவின் தீபாவளி ரவிக்கையில் ஒரு கையைத் தின்றுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மென்றது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

அதற்குத் தழை ஒடித்துப் போடுவது மருமகளாக வந்த என் வேலை. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுத்து, பால் வெட்டி, பாலைத் தூக்கிப்போய் ஊற்றிவிட்டு, வருகிற வழியில் ஒரு கட்டுத் தழை. மனுஷர்களிடம் பேசக் கூச்சப்பட்ட நான் அதனிடம் மட்டும் நன்றாகவே பேசினேன்.

எங்கள் வீட்டுக்காரர்? அவரும் என்னைப் போலத்தான். அதிகம் பேசமாட்டார். ஆனால் நான் எழுந்திருக்கும் முன்பே பால் வெட்டுகிற என் உளியையும் சேர்த்துத் தீட்டி வாளிக்குள் வைத்திருப்பார். அதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன பேச்சு வேண்டும்?

இப்படி இருக்கும்போதுதான் சர்வேக்காரர்கள் வந்தார்கள்.

தோட்டத்தை இன்னும் கொஞ்சம் காட்டுப் பக்கம் நீட்டப் போகிறார்களாம். ஒரு வெள்ளைக்காரர், சங்கிலி பிடிக்க ஆட்கள், ஒரு மலாய்க்காரப் பெரியவர். நேரே போய் முனியாண்டி முன்னால் நின்றார்கள். எங்கள் ஆட்களுக்குப் பெருமை. ‘பாத்தியா, வெள்ளக்காரனே கும்புட வந்துட்டான்!’

மலாய்க்காரப் பெரியவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்தார். தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு, கல்லைப் பார்த்து மெதுவாக, “மாஆஃப், டத்தோ” என்றார். மன்னிக்கணும் பெரியவரே என்று அர்த்தம். பிறகு அத்தனை வருஷத்துச் சந்தனத்தையும் கழுவினார். எங்கள் முனிக்குத் தொப்பை கரைந்தது. உள்ளே இருந்த மந்திரம் வெளியே வந்தது.

இங்கிலீஷ் எழுத்து.

கங்காணி ஓடிப்போய் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஐயாவைக் கூட்டிவந்தார். கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, விபூதி, கையில் எப்போதும் ஒரு குடை. குனிந்து படித்தார். நிமிர்ந்தார்.

“உது முனியுமில்லை, கினியுமில்லையப்பா. சர்வேக்காரன் நட்ட எல்லைக்கல்லு. நீங்கள் காடு வெட்ட வர முந்தியே நட்டிருக்கினம்.”

முதலில் வாயைத் திறந்தது பக்கிரி அண்ணன். எங்கள் தோட்டத்தில் எதற்கும் வாய் வைக்கிற மனுஷன் அவர்.

“அப்ப இத்தன வருசமா நாம சுருட்டு வச்சது கவர்மெண்டுக்கா?”

அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் தோட்டம் இரண்டாகிவிட்டது. கங்காணி கட்சி ஒன்று. “எல்லைச் சாமி எல்லைக்கல்லுல இல்லாம வேற எங்கடா இருப்பாரு? கல்லக் கழுவுன ஆளே மன்னிப்புக் கேட்டுட்டுத்தானே தண்ணி ஊத்துனாரு?” பக்கிரி கட்சி ஒன்று. “அப்ப தொரை பங்களாவுக்குப் பின்னாலயும் ஒரு எல்லைக்கல்லு நிக்கிதே, அதுக்கும் போயி கோழி அறுப்பமா?”

பால்மரத்தில் பேச்சு. குழாயடியில் பேச்சு. கல் எப்போது சாமியாகிறது? கும்பிடுகிறவன் ஆக்குகிறானா, அதுவே ஆகிறதா? எழுத்து வெட்டினால் சாமி போய்விடுமா? மரத்தில் பால் வடிகிற மங்கு நிரம்பி வழிவது தெரியாமல் நின்று வாதாடினார்கள். பெரிய பெரிய ராஜ்யங்கள் எல்லாம் இந்த மாதிரி கேள்விக்குத்தான் கத்தியை எடுத்துக்கொண்டு போனதாக இப்போது படிக்கிறேன். எது சாமி, எது கல், யார் சொல்வது உண்மை... இதற்குத்தானே ஊர்கள் எரிந்திருக்கின்றன? எங்கள் தோட்டத்தில் கெடா ஒன்று இருந்ததால் அடிதடி இல்லாமல் முடிந்தது.

முதலில் குழப்பம் வந்தது கல்யாணம் ஆனவர்களுக்கு. புருஷனோடு சண்டை போட்ட செல்லம்மா அக்கா, “சர்வே கல்லு முன்னால கட்டுன தாலிக்கு நான் எதுக்குய்யா சோறாக்கணும்? போ, அந்தக் கல்லையே ஆக்கிப் போடச் சொல்லு” என்று அடுப்பை அணைத்துவிட்டார். மூன்று வேளை பட்டினி கிடந்தபின் அந்த அண்ணன் ‘சாமி உண்டு’ என்ற கட்சிக்கு வந்து சேர்ந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தார்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இந்தா புள்ள. அந்தக் கல்லு வெறும் கல்லுன்னு ஆயிப்போச்சு. கல்லு முன்னால நடந்தது கலியாணம் இல்ல. ஒன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஒங்கப்பனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கிட்டுப் போவட்டும். பாடாங் மேஹாவுக்கும் ஆள் போயிருக்கு.”

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் சோற்றுக்கு உப்பே கேட்டிருப்பேனே!

எங்கள் வீட்டுக்காரர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்டார். தீட்டுவதை நிறுத்தவில்லை. ஒரே இடத்தில் தீட்டித் தீட்டி அந்த உளியே பாதியாகிவிட்டது. அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத பிள்ளை.

என் அப்பா வீட்டில் எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். தாலியோடு திரும்பி வந்த அக்காள் இருக்கிற வீட்டில் யார் பெண் கேட்டு வருவார்கள்? அடுப்புப் புகை என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மத்தியானம் ஒன்று நடந்தது. செல்லம்மா அக்கா, கல் கல்தான் என்று தெரிந்த தைரியத்தில், கெடாவை ஓங்கி ஓர் உதை விட்டார். அது பிறந்ததிலிருந்து வாங்கின முதல் உதை. திரும்பி நின்று எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. அத்தை விளக்குமாற்றோடு பாய்ந்து வந்தார். “முனிக்கு நேந்த கெடாய ஒதைக்கிறியே, ஒங் காலு வெளங்குமாடி?”

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சைக்கிளில் வந்தார். பெரட்டு நடக்கிற களத்தில் பஞ்சாயத்து. நடுவில் கங்காணி. நாற்காலியில் கிராணி ஐயா. பெண்கள் ஒரு பக்கம். நான் கடைசியில், ரெண்டு சேலையும் ஒரு சீப்பும் கட்டின மூட்டையோடு.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். “தங்கச்சி, இது கப்பல்ல குடுத்த வாக்கு.”

“வாக்கக் காப்பாத்தித்தானேண்ணே கட்டி வச்சேன்?” என்றார் அத்தை. “கல்லு பொய்யாப் போவும்னு நான் கண்டேனா? நாளைக்கி ஒரு பேரன் பொறந்தா, ‘ஒங்கப்பன் கலியாணத்துக்கு யாருடா சாட்சி’ன்னு கேட்டா, சர்வே ஆபீசுன்னு சொல்லுமா?”

சிரிப்பு எழுந்தது. கங்காணி அதட்டினார். பிறகு, “கிராணி ஐயா, நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார்.

கிராணி ஐயா குடையைக் காலுக்கிடையில் ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார். சைவத்தில் ஊறினவர். இறைவன் என்றால் யார், உயிர் என்றால் என்ன, உயிரைக் கட்டியிருக்கிற கட்டு எது, கல்லில் அவன் இருக்கிறானா, கல்லாகவே இருக்கிறானா... அழகாகத்தான் பேசினார். வெயில்தான் ஏறிக்கொண்டே போனது. ஒரு குழந்தை அழுதது. ரெண்டு பேர் தூங்கினார்கள்.

“ஆகவே...” என்று அவர் மூச்சு வாங்கின இடத்தில் கெடா கத்தியது.

லயத்துப் பின்னால் இருந்து. நீளமாக. பசிக் கத்தல். எனக்குத் தெரியும். காலையிலிருந்து அதற்குத் தழை போடவில்லை. மூட்டை கட்டுகிற நினைப்பில் மறந்துபோயிருந்தேன்.

மறுபடியும் கத்தியது. கிராணி ஐயா நிறுத்திவிட்டார். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுப் போகிற வீட்டு வேலைதான் என்றாலும் வாயில்லா ஜீவன் ஆயிற்றே? போய் ஒடித்துப் போடலாம். ஆனால் அது இனிமேல் வேண்டுதல் கெடாவா, இல்லையா? வெட்டப் போகிறார்களா, விற்கப் போகிறார்களா? வீட்டுக்கு ஆகாத நான் அதைத் தொடலாமா?

அத்தையிடம் போய்க் காதோடுதான் கேட்டேன். ஆனால் களம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

“அத்தே... கெடாவுக்குத் தழ ஒடிச்சுப் போட்டுட்டுப் போவட்டா? இல்ல... இனிமே வேணாமா?”

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு யோசனையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. தழை போடவா, வேண்டாமா. அவ்வளவுதான் கேள்வி.



பக்கிரி அண்ணன் எழுந்துவிட்டார். “அதானே! அந்தக் கெடா இப்ப யாரு கெடா? கல்லு வெறும் கல்லுன்னா வேண்டுதலும் இல்ல. அங்கம்மா அக்கா, ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க, மசாலா நான் அரைக்கிறேன்!”

“எலேய்! அது எம் மவன் உசுருக்கு நேந்துக்கிட்டது!”

“யாருகிட்டக்கா நேந்துக்கிட்டீங்க? சர்வே ஆபீசுகிட்டயா?”

அத்தை லேசில் விடுகிறவரா? “அன்னைக்கு முனி இருந்தாரு. காச்ச எறங்குச்சே, நான் பாத்தேனே. அப்பறந்தான் போயிட்டாரு.”

கங்காணி தாடையைத் தடவினார். “எப்பம்மா போனாரு? காச்சலுக்கு இருந்தவரு கலியாணத்துக்கு மட்டும் எந்திரிச்சிப் போயிட்டாரா? கலியாணச் சாப்பாட்டுக்குக்கூட நிக்காமயா?”

“அப்ப... நான் மாரியாத்தாவையும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்.”

“ஆத்தா எங்க வீட்டுலதானே இருக்கு? நீ வாசப்படி ஏறி வரலியே?”

அத்தை என்னைப் பார்த்தார். லயத்துப் பக்கம் பார்த்தார். முனி சாமி என்றால் மருமகள் நான். முனி கல் என்றால் மகனைப் பிழைக்க வைத்தது யார்? ஒரு கையில் பாடாங் மேஹா. இன்னொரு கையில் அந்தக் காய்ச்சல். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதுவரைக்கும் களத்து ஓரத்தில் குந்திக்கொண்டு புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தவர். மெதுவாக எழுந்து, புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

“ஏம்மா... அப்ப எனக்குக் காச்ச திரும்பி வந்துருமா?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. குரல் அப்படி. கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, பக்கிரி அண்ணன்கூட.

அத்தை ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினார். “வாயக் கழுவுடா! முனி இருக்கறப்ப எப்புடிடா வரும்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள்...

“மரமாட்டம் நிக்கிறியேடி! கெடா பட்டினி கெடக்குறது காதுல விழல? போய்த் தழ ஒடிச்சுப் போடு!”

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு இனிமையாகப் பேசினதில்லை.

மூட்டையைக் கங்காணி காலடியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் சைக்கிளில் திரும்பினார்.

சர்வேக்காரர்கள் போவதற்கு முன் கிராணி ஐயா அவர்களிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். எழுத்து இருக்கிற பக்கத்தில் கை வைக்கக்கூடாது, அது அவர்களுக்குத் தெரிய வேண்டும். தோட்டத்தைப் பார்த்த பக்கத்தில் நாங்கள் என்ன வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். “முன்பக்கம் முனி, பின்பக்கம் சர்க்கார்” என்றார் பக்கிரி அண்ணன். மலாய்க்காரப் பெரியவர் அதை மலாயில் கேட்டு வாங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆடி மாதம் கெடாவை வெட்டினார்கள். தோட்டமே சாப்பிட்டது. செல்லம்மா அக்கா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார், ரவிக்கைக் கணக்கு. எனக்கு இறங்கவில்லை. என் தாலிக்குச் சாட்சி சொன்ன உயிரைக் குழம்பில் எப்படித் தின்பது? மூலையில் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அத்தை வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டில் ஒரு சுட்ட கருவாட்டை வைத்தார். பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பையும் வைத்துவிட்டு, “கேட்டாத்தான் என்னவாம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கதை முடிந்தபோது தனபாலனின் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. (வேண்டாம் என்றவர்தான். நான் போட்டு வைத்தேன்.)

எனக்குப் பெரிய விளக்கம் எல்லாம் சொல்ல வராது. மனுஷன் ஒரே வாயால் ரெண்டு பேச்சுப் பேசுகிறான். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ரெண்டுமே அவனுக்கு உண்மைதான். யாராவது ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இது இருந்தால் அது எப்படி?’ என்று கேட்கிறவரைக்கும். அப்படிக் கேட்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்றால், படிக்கட்டுமே அந்தப் பெண்? வீட்டில் அப்படி ஓர் ஆள் இருந்தால் எத்தனை மூட்டைகள் கட்டாமலே தப்பும்!

தனபாலனிடம் இவ்வளவும் சொல்லக் கூச்சம். வெளியே நின்ற வேனைக் காட்டி ஒன்று மட்டும் கேட்டேன்.

“தம்பி, எலுமிச்சம்பழமும் கட்டியிருக்கீங்க. இன்சூரன்சும் கட்டுறீங்க. இதுல எதுப்பா காப்பாத்துது?”

எட்டி வேனைப் பார்த்தார்.

“ரெண்டும் லா, அக்கா” என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “இருங்க... இல்ல... நளினிகிட்ட கேட்டுச் சொல்றேன்.”

பூச்சட்டியில் கிடந்த செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டவர், கேட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“அக்கா, முக்கியமானத வுட்டுட்டீங்களே. கடைசில அது சாமியா, கல்லா?”

“எனக்கு எப்புடித் தம்பி தெரியும்? நான்தான் தழ ஒடிக்கப் போயிட்டேனே!”